மொட்டு கிள்ளும் வாரம்

சூமியாவ் சித்தியின் வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு பழுப்புக் கறை உண்டு. சோப்பு போட்டாலும் போகாது, காடியில் ஊறவைத்தாலும் போகாது. வருஷா வருஷம் வசந்தத்தின் கடைசியில் மொட்டுக் கிள்ளிக் கிள்ளி, அந்தச் சாறு நகத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கறை இருக்கிறது. சித்தியுடையது மட்டும் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். அவரளவுக்கு வேகமாகக் கிள்ளுகிறவர் குவோ ஆற்றின் இந்தக் கரையில் இல்லை.

நாங்கள் கிள்ளுவது ஷாவ்யாவ் மொட்டு. வெளிநாடுகளில் இதையே பியோனி என்று சொல்லி, தோட்டத்து ஓரங்களில் பூவுக்காக வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது பூ இல்லை, வேர். நாலாவது வருஷம் தோண்டியெடுத்து, கொதிநீரில் போட்டு, தோல் சீவி, காயவைத்தால் சீன மருந்துக் கடைக்குப் போகும். செடி பூத்துவிட்டால் வேர் இளைத்துவிடும். அதனால் மொட்டு பட்டாணியைவிடப் பெரிதாவதற்கு முன்பே, பனி உலர்ந்த காலையாகப் பார்த்து, ஊரே வயலில் இறங்கிக் கிள்ளும். யார் வயலிலாவது பூ தெரிந்தால், அந்த வீட்டில் யாரோ படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறியாக இருக்க வேண்டும். ஊர் அப்படித்தான் பேசும். ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போனால் அக்கம்பக்கத்தார் போய்க் கிள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் போட வேண்டும், அவ்வளவுதான்.

பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் இந்தக் குளிர்காலக் கடைசியில்தான் திரும்பி வந்தேன். என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சூமியாவ் சித்திக்குத் தெரிந்தது.

“ஏய் ஊர்சுத்தி, கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுன்னா உட்கார்ந்து செய்யற வேலை தரேன், வா” என்று சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார்.

அவர் வீட்டு மதிலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டு மண் இருக்கிறது. அகலம் ஒரு ஆள் குறுக்கே படுக்கிற அளவு. அதில் ஒரே வரிசையாக ஷாவ்யாவ் வைத்திருந்தார். குளிருக்காக மூடிவைத்த மண்ணை விலக்கி, வேரின் கழுத்துக்குச் சில நாள் வெயில் காட்ட வேண்டும். வயலில் இதை மண்வெட்டியால் செய்வோம். சித்தி அங்கே சோற்றுக் கரண்டியை வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் போர்வையை இழுப்பதுபோல் இழுத்தார்.

மண்ணுக்கு அடியில் முளைகள் வந்திருந்தன. அந்தச் சிவப்பை நான் மறந்தே போயிருந்தேன். ரத்தம் கட்டின சிவப்பு. உள்ளே யாரோ விரல்களைக் குவித்து மேலே நீட்டுவதுபோல, கொத்துக் கொத்தாக. இலை என்றோ தண்டு என்றோ சொல்ல முடியாத ஒன்று. சுற்றிலும் மரங்கள் மொட்டையாக நிற்க, இது மட்டும் குளிர்ந்த மண்ணைத் தானாகப் பிளந்துகொண்டு வந்திருந்தது.

சித்தி ஆற்றுக்கு அக்கரையில் கோதுமை மட்டும் விளைகிற ஊரில் பிறந்தவர். இலையுதிர் காலத்தில் கல்யாணமாகி வந்து, முதல் வசந்தத்தில் விடியற்காலையில் வயலுக்குப் போனவர், இந்த விரல்களைப் பார்த்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாராம். தரையிலிருந்து ஏதோ ஏறி வருகிறது என்று மாமியாரிடம் சொன்னாராம். அந்தச் சிரிப்பு ஊரில் ஓய இரண்டு அறுவடை ஆயிற்று என்றார். அதைச் சொல்லும்போதும் கரண்டியை வைத்துவிட்டு முளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்குப் பயம் முழுதாகப் போகவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பயம் இல்லை.

அந்த மண் துண்டுக்குப் பின்னால் ஒரு பேச்சு இருந்தது. சித்தியின் கணவர் தாஷுன் சித்தப்பாவுக்கு அது சிமெண்ட் போட்டு, கூரை இறக்க வேண்டிய இடம். நிங்போ நகரத்தில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த மின்சார மூன்று சக்கர வண்டி மழையில் நனைந்துகொண்டு தெருவில் நிற்கிறது. சித்திக்கு அங்கே பூ வேண்டும். பூவா, எதற்கு என்று அவர் கேட்டுப் பார்த்தார். கடைசியில் இருவரும் பேசி முடித்தார்கள். வேர் முதிர நாலு வருஷம். அந்த நாலாவது வருஷம் செடி பூத்தால் வரிசை அப்படியே இருக்கட்டும். பூக்காவிட்டால் இலையுதிர் காலத்தில் வயலோடு சேர்த்து இதையும் தோண்டிவிட்டு, சிமெண்ட். நான் வந்தது அந்த நாலாவது வருஷம்.

முதல் மூன்று வசந்தமும் சித்தியே அந்த வரிசையின் மொட்டுகளைக் கிள்ளிப் போட்டிருக்கிறார். இளஞ்செடி பூக்க அவசரப்பட்டால் பிறகு தேறாது. தெருவில் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பூவுக்காக வைத்திருக்கிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்வது, சமைத்த சோற்றை அழகாக இருக்கிறது என்று சாப்பிடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோல. எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும்? வயல்ல வேர் தோண்டுனப்ப மேல மிஞ்சுன தலைமுளையைத்தான் வெட்டி நட்டேன். அது என்னைக்குப் பூத்துச்சு, நிறம் தெரிய?” என்றார்.

ஏப்ரல் பிறந்ததும் செடி முழங்கால் தாண்டியது. சிவப்பெல்லாம் பச்சையாக மாறி, இலை எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு மொட்டு. மதில் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்ததால், வயல் மொட்டு பட்டாணியாக இருந்தபோதே இவை வாதுமைக்கொட்டை அளவுக்கு உருண்டுவிட்டன. மேலே தேன் மாதிரி ஒரு பிசுபிசுப்பு கசிந்தது. எறும்புகள் வரிசை கட்டி ஏறி வந்து, தலையைக் குனிந்து, நகராமல் நின்றன. நான் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு, அதன் பின்னால் லேசான மருந்து வாசனை. சித்தி காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன் ஒரு தடவை வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்.

“கையை முன்னால விட்டா அதுவே கிள்ளிடும்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. முந்தின நாள் பேசிக்கொண்டே நடந்தபோது கை தன்னால் போய் ஒன்றைக் கிள்ளிவிட்டது. அந்த மொட்டை மடித்துணியில் முடிந்து, அன்று முழுக்க வைத்திருந்தார்.

மொட்டு கிள்ளும் வாரம் தொடங்குகிற காலையில் சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உருண்டார். சிறுநீரகத்தில் கல். வண்டியின் பின்பக்கம் வைக்கோலைப் போட்டு அவரைப் படுக்கவைத்து, சித்தியை அவர் தலைமாட்டில் உட்காரவைத்து, நான் நகரத்துக்கு ஓட்டினேன். வலியிலும் அவர் வாய் ஓயவில்லை. பள்ளத்தில் மெதுவாகப் போ, வண்டிக்கு அடி படும் என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, படம் எடுத்து, இரண்டு ராத்திரி இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

அங்கே நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தி அதைச் சொன்னார். மகன் பிறப்பதற்கு முந்தின வருஷம். கோதுமை வயலில் நின்ற கணவனுக்கு நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோரமாகப் போயிருக்கிறார். யாரோ எப்போதோ தூக்கிப் போட்ட தலைமுளை ஒன்று அங்கே புல்லுக்குள் வேர்விட்டு, யார் கண்ணிலும் படாமல் பூத்திருந்தது. ஒரே ஒரு பூ. அதுவரை எத்தனையோ கூடை மொட்டுக் கிள்ளிய கை அவருடையது. ஒன்று கூட விரிந்து பார்த்ததில்லை.

“உள்ளங்கை ரெண்டையும் சேர்த்து வச்சா எவ்ளோ, அவ்ளோ பெரிசு. பட்டாணிக்குள்ள அது இருந்திருக்கு பாரு. மடிச்சு மடிச்சு உள்ள வச்சிருந்திருக்கு” என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நூடுல்ஸ் ஊறி, குழம்பு வற்றி, களி மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா அதைச் சாப்பிட்டுவிட்டுப் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்த ஆறிய நூடுல்ஸ் கதையை அவர் சொல்லுவார். நான்கூடக் கேட்டிருக்கிறேன். ஏன் ஆறியது என்று மட்டும் சித்தி சொன்னதில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது ஆடு மேய்ந்திருந்தது.

“ஒரு தடவை பார்த்தேன். சரியா பார்க்கல” என்றார். பிறகு எழுந்து சித்தப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார்.

திரும்பி வந்த அன்று மதியம், தெருமுனையிலேயே யூஃபென் அக்கா எங்களைப் பார்த்துவிட்டார். அவர் எதிர்வீட்டுக்காரர், சித்திக்கு அடுத்தபடியாக வேகமாகக் கிள்ளுகிறவர், அந்த இரண்டாம் இடத்தை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர். வண்டியோடு கூடவே நடந்து வந்தார்.

“கவலையே படாத அக்கா. நேத்துக் காலையில நாங்க அத்தனை பேரும் உன் வயல்ல இறங்கிட்டோம். மத்தியானத்துக்குள்ள முடிச்சாச்சு. அப்புறம் பார்த்தா வீட்டு வாசல்ல இருக்கறது வயல்ல இருக்கறதைவிடக் கொழுத்துப் போய் நிக்குது. எங்களுக்கே வெட்கமாப் போச்சு. அதையும் முடிச்சுட்டோம். நான் இறங்குன வரிசைல ஒண்ணுகூட விடமாட்டேன், உனக்குத் தெரியாதா?”

வண்டியை நிறுத்தினேன். வரிசை அப்படியே பச்சையாக நின்றது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு சின்னக் காயம், உலர்ந்து பழுப்பாகியிருந்தது. நேர்த்தியான வேலை. ஒரு இலைகூடக் கிழியவில்லை. பிசுபிசுப்பு போன இடங்களில் எறும்புகள் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தன.

சித்தி வண்டியிலிருந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். பிறகு யூஃபென் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றி, எல்லாரையும் கூப்பிடு, நூடுல்ஸ் போடுகிறேன் என்றார். குரலில் எதுவும் இல்லை. உள்ளே போய் மாவு பிசைந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். மாவை அடித்த அடியில் பலகை நகர்ந்து சுவரில் முட்டியது.

கிள்ள வந்த பெண்கள் எல்லோரும் முற்றத்தில் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு முட்டை, தட்டில் பச்சைப் பூண்டு. சித்தப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். கல்லைப் பற்றிக் கேலி ஓடியது. கொலுசில் பதிக்கலாமா, மோதிரத்துக்குப் போதுமா என்று கேட்டார்கள். அவர் கிண்ணத்தையே கிளறிக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் அவர். தோண்டுகிற மாதம் வந்தால் சிமெண்ட் வண்டி வரும். ஆனால் நூடுல்ஸை வாயில் வைத்தபடியே சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“வாசல் வரிசையை இவ பூவுக்குல்ல வச்சிருந்தா” என்றார்.

உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது.

“போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் எல்லாம் நீயே உட்கார்ந்து கிள்ளுனியே” என்றார் யூஃபென் அக்கா.

“அது செடி தேறட்டும்னு.”

“இந்த வருஷம் தொடாதீங்கடின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா சிரிப்பீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. யூஃபென் அக்கா கிண்ணத்தைத் தூக்கி மிச்சக் குழம்பை ஒரே மூச்சில் குடித்தார். எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார். பிறகு தெருவைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனார். அவரும் இன்னொருவருமாக, ஈரச் சாக்கு போர்த்திய பெரிய கூடைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மொட்டைத் தேயிலையோடு கலந்து விற்கிற வியாபாரி ஒருவர் வருவார் என்பதால், நிழலான அறையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். சித்தியின் வயல் மொட்டும் வாசல் மொட்டும் சேர்ந்தே அதில் கிடந்தன.

“இதுல உன்னோடது எது?” என்றார்.

சித்தி கூடைக்கு முன் மண்டியிட்டு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. வைத்துவிட்டார். இன்னொன்று, அதுவும் கல். மூன்றாவது விரலுக்கு வழிவிட்டது. வெந்த மாவுரொட்டியை அமுக்கினால் வருமே, அந்த மெத்து. உச்சியில் பச்சை இதழ் விலகி, ஒரு நூலளவு இளஞ்சிவப்பு தெரிந்தது.

“இது முத்துனது போதும்ங்குது” என்றார். மொட்டு அவரிடம் ஏதோ சொன்னதுபோலவே சொன்னார். முற்றின மொட்டுக்குத் தண்ணீர் காட்டினால் தண்டு இல்லாவிட்டாலும் விரியலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். செய்து பார்த்ததில்லை.

அதன் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். கல்லெல்லாம் ஒரு பக்கம், மெத்தெல்லாம் ஒரு பக்கம். எங்கள் ஊர்க் கட்டைவிரல்கள் முதல்முறையாக மொட்டைக் கிள்ளாமல், பழம் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்த்தன. அடியில் ஒரு மயிரளவு சீவிப் புதுக்காயம் வைத்தார்கள். பொழுது சாய்கிறபோது ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். மீன் படம் போட்ட எனாமல் பேசின், மாவு பிசைகிற குண்டான், கோழித் தீவனத் தொட்டி, ஒரு இரும்பு வாணலி, யாரோ ஒருவரின் கால் கழுவுகிற வாளி. வரிசையில் செடிக்கும் செடிக்கும் நடுவே அவற்றை இறக்கி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மொட்டுகளை மிதக்க விட்டார்கள். கால் கழுவுகிற வாளியை மட்டும் யூஃபென் அக்கா இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். பிறகு எல்லோரும் கலைந்து போனார்கள்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு நான் வெளியே வந்தேன். தெருவில் ஏற்கெனவே ஆள் இருந்தது. எல்லோரும் மதிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, எதிர்ப்பக்கமாக நின்றார்கள். கிட்டே போகவில்லை.

பூத்திருந்தது.

எல்லா மொட்டும் இல்லை. சில அப்படியே மூடிக் கிடந்தன, சில பாதி திறந்து யோசித்துக்கொண்டிருந்தன. ஆனால் திறந்தவை திறந்திருந்தன. வாணலி நிறைய வெள்ளை. பேசினின் மீன் படத்துக்கு மேல் இளஞ்சிவப்பு, கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்ததுபோல் அடுக்கடுக்காக. தீவனத் தொட்டியில் ஒன்றே ஒன்று கருஞ்சிவப்பு, முளையில் பார்த்தேனே, அதே சிவப்பு. அது உள்ளே பத்திரமாக இருந்து திரும்பி வந்திருந்தது. நடுவில் மஞ்சள் தூள். ஒரு பட்டாணியிலிருந்து இவ்வளவு இதழ் எப்படி வர முடியும் என்று கண் நம்பவில்லை. வெயில் மதிலின் மேல் விளிம்பைத் தொட்டு இறங்க இறங்க, பாதியில் நின்றவை ஒவ்வொன்றாக வழிவிட்டன. ஒரு இதழ் அதன் இடத்தைவிட்டு விலகி அடுத்த இடத்தில் நிற்கிற அந்த அசைவைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பனிமலை உடைந்து கடலில் விழுவதை நான் ஒரு கப்பலிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். இங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யூஃபென் அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற பெண்களும் அப்படியே நின்றார்கள்.

“இதையா நாம கிள்ளிப் போட்டோம்?” என்றார் ஒருவர், யாரிடமும் இல்லாமல்.

சித்தி நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. உடையில் பனி.

சித்தப்பா இடுப்பில் பட்டியோடு வந்து நின்றார். பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு அவருடைய வழக்கப்படி ஆரம்பித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பேச்சு என்ன? செடியில பூக்கணும்னு. இது தண்ணியில பூத்தது.”

தெருவே அவர் மேல் பாய்ந்தது. உன் கல்லு இடுப்புல இல்ல, நெஞ்சுல இருக்கு என்றார் யூஃபென் அக்கா. அடுத்த தடவை வலி வந்தால் வண்டியே உன்னை ஓட்டிக்கொண்டு போகட்டும் என்றார் இன்னொருவர். சித்தி கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார்.

“விடுங்க. பேச்சு அதுதான். நான் பார்த்துட்டேன்” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பூவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மூன்று நாளில் பேசின்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. இதழ்களைச் சித்தி கூட்டி வாரி, செடிகளின் காலடியிலேயே போட்டார். கோடை பிறந்தது. கோதுமை மஞ்சளாகத் தொடங்கியது. சித்தி வழக்கம்போல் வேலை செய்தார், வழக்கம்போல் என்னைத் திட்டினார். வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் நடக்கவில்லை. அவர் வாக்கு மாறுகிறவர் இல்லை. இலையுதிர் காலத்தில் அவரே மண்வெட்டியை எடுப்பார்.

சித்தப்பாவுக்கு டாக்டர் தண்ணீரும் நடையும் எழுதிக் கொடுத்திருந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, கல் இறங்குவதற்காகத் தெருவில் மேலும் கீழும் நடப்பார். இடையிடையே குதிக்கவும் வேண்டும். குதிக்கும்போது யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொள்வார். ஒரு காலை நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் வரிசையின் கோடியில் குதித்தார். இறங்கியவர் அங்கேயே நின்றார். குனிந்தார். மதிலோடு ஒட்டிய கடைசிச் செடியில், இடுப்புக்குக் கீழே, ஒரு பெரிய இலையை விலக்கினார்.

தண்டின் பக்கத்திலிருந்து பிரிந்த சின்னக் கிளை, அதன் நுனியில் ஒரு மொட்டு. கிள்ளியவர்கள் உச்சியைத்தான் பார்த்திருந்தார்கள். அப்போது அது இருந்ததோ இல்லையோ, இருந்திருந்தாலும் மிளகளவு இருந்திருக்கும். இப்போது உருண்டு, எறும்பு ஏறி நின்றது.

அவருடைய கட்டைவிரலிலும் கறை உண்டு. அந்த விரலும் ஆள்காட்டி விரலும் போய் மொட்டின் கழுத்தைப் பிடித்தன. நான் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழியவும் இல்லை, விடவும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. ஒரு சொடுக்குப் போட்டால் தீர்ந்தது. சிமெண்ட், கூரை, வண்டிக்கு இடம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு ஆயுள் முழுக்கச் செய்த வேலை, விரல் தானாகவே செய்துவிடும்.

விரல்கள் திறந்தன. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், ஏதோ சூடானதைத் தொட்டதுபோல. உள்ளே போய் ஒரு சாப்பாட்டுக் குச்சியும் நூலும் கொண்டுவந்தார். குச்சியை மண்ணில் ஊன்றி, கிளையை அதோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினார். ஒரு ஓட்டைக் கூடையைக் கொண்டுவந்து கோழி வராமல் கவிழ்த்தார். அதன்பின் நாள்தோறும் நடக்கும்போது ஒரு தடவை கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார். கல் இறங்கிவிட்ட பிறகும் நடந்தார். சித்தி அந்தப் பக்கமே வராததால் அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு காலை சித்தப்பாவின் குரல் கேட்டது.

“இவளே, என் சாப்பாட்டை வெளியில கொண்டா.”

“கால் ஒடஞ்சு போச்சா, உள்ள வந்து திங்க?” என்று கேட்டுக்கொண்டே சித்தி நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்தார். சித்தப்பா கூடையை எடுத்தார்.

வெள்ளை. ஆனால் வெறும் வெள்ளை இல்லை. நடு இதழ்களின் ஓரத்தில் மட்டும், யாரோ கன்னத்தைக் கிள்ளியதுபோல் ஒரு சிவப்புக் கீற்று. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு பெரிசு. காற்று இல்லை. இருந்தும் அது தன் கனத்திலேயே மெல்ல ஆடியது. சாப்பாட்டுக் குச்சி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு யூஃபென் அக்கா ஓடிவந்தார். பூவைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், தான் கிள்ளிய வரிசை என்பது புரிந்தது. முகம் ஒரு கணம் வாடியது. பிறகு நிமிர்ந்தது.

“நான் வேணும்னேதான் விட்டேன்” என்றார்.

சித்தப்பா, நிங்போவுக்குப் போன் பண்ணி, வண்டிக்கு ஒரு தார்ப்பாய் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

சித்தி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முதலில் ஆவி வந்துகொண்டிருந்தது. பிறகு ஆவி மெலிந்தது. நூடுல்ஸ் ஊறி, குழம்பை உறிஞ்சி, கிண்ணத்தின் விளிம்புவரை எழும்பியது. வெயில் மதிலிலிருந்து இறங்கி இதழின்மேல் வந்தபோது, அந்தச் சிவப்புக் கீற்று இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. சித்தப்பாவுக்குப் பசி, எனக்கு அவரைத் தெரியும். அவர் கிண்ணத்தைக் கேட்கவில்லை.